மூன்றாவது பட்டியல்

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைத் தேடிப் பங்கு இல்லத்திற்கு வந்தார். மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் குடியேறுவதற்கு அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. “பாதர், நாளை மறுநாள் சாமான்களைக் கட்ட ஆள்கள் வருகிறார்கள். அதற்கு முன் வீட்டுக்கு வந்து ஒரு செபம் சொல்ல வேண்டும்” என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சென்றேன். கூடம் முழுவதும் அட்டைப் பெட்டிகள். சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றின் தலைப்பு ‘கொண்டு செல்பவை’. மற்றொன்றின் தலைப்பு ‘விற்பவை’. வீட்டிலுள்ள பொருள் ஒவ்வொன்றும் இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றில் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தது. பொறியியல் படித்தவர் அல்லவா? ஒழுங்காகவே செய்திருந்தார்.

திண்ணையில் அவருடைய தாயார் அமர்ந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். மகனோடு செல்ல அவருக்கு மனம் இல்லை. “இந்த மண்ணிலேயே இருந்துவிடுகிறேன், சாமி” என்று முன்னரே என்னிடம் கூறியிருந்தார். பட்டியல்களை மறுபடியும் படித்தேன். அந்த அம்மாள் படுக்கும் கட்டில் இரண்டாம் பட்டியலில் இருந்தது. அவர் உட்காரும் பிரம்பு நாற்காலியும் அதிலேயே இருந்தது. மிக்ஸி முதற்பட்டியலில் இருந்தது.

“தம்பி, அம்மாவுக்கு இங்கே என்னென்ன இருக்கும்?” என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. “அதைத் தனியாக எழுதவில்லையே, பாதர்” என்றார். தாயாரை மறந்த மகன் அல்லர் அவர். மாதந்தோறும் பணம் அனுப்புவதற்கும், மருத்துவருக்கும், துணைக்கு வந்து படுக்க உறவுப் பெண்ணுக்கும் ஏற்பாடு செய்து முடித்திருந்தார். ஆயினும், அவர் மனத்தில் அந்த வீடு ஏற்கெனவே காலியாகிவிட்டது. காலியாகும் வீட்டில் ஒருவர் தொடர்ந்து வாழப் போகிறார் என்பது பட்டியல் எழுதிய கைக்கு எட்டவில்லை.

அன்று மூன்றாவது தாள் ஒன்றை எடுத்து, ‘இங்கே இருப்பவை’ என்று தலைப்பிட்டார். அந்தத் தாளைப் பற்றியும், கடல் கடந்து குடிபெயரும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வேறு சிலவற்றைப் பற்றியும் கூறவே இக்கட்டுரை. எங்கள் பங்கிலிருந்து ஆண்டுதோறும் சில குடும்பங்களேனும் வெளிநாடு செல்கின்றன. துறைமுகத்தில் பணிபுரியும் நம் மக்களிடமும், சென்று குடியேறியவர்களிடமும் கேட்டறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

டிரங்குப் பெட்டியும் இரும்புப் பெட்டகமும்

நம் முன்னோர் கடல் கடந்து செல்லாதவர்கள் அல்லர். 1926-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஏற்றிச் சென்றது. அதில் ஏறியவரின் உடைமை பெரும்பாலும் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், வழிக்குக் கட்டுச்சோறு. வீடு வீடாகவே இங்கு இருந்தது. சென்றவரில் பலர் திரும்பி வரும் எண்ணத்தோடு சென்றனர்.

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டகங்களைச் சுமந்து சென்றது. மால்கம் மக்லீன் என்னும் லாரித் தொழிலதிபரின் முயற்சி அது. அன்று தொடங்கிய கண்டெய்னர் முறையே இன்று உலகக் கடல் வாணிகத்தைத் தாங்கி நிற்கிறது. இருபது அடிப் பெட்டகம் ஒன்றினுள் ஏறத்தாழ 33 கன மீட்டர் இடம் உண்டு. சிறு குடும்பத்தின் வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் அதனுள் அடங்கிவிடும். டிரங்குப் பெட்டியில் மனிதனின் உடுப்புகள் சென்றன. பெட்டகத்தில் வீடே சென்றுவிடுகிறது. எதை விட்டுச் செல்வது என்ற கேள்வி நம் பாட்டனாருக்கு எழாமலிருந்ததற்கும், நமக்கு எழுவதற்கும் இதுவே காரணம்.

எடையன்று, இடமே விலை

பெட்டகம் முழுவதும் தேவைப்படாதவர்கள், பல குடும்பங்களின் சாமான்களோடு தங்கள் சாமான்களையும் சேர்த்து அனுப்பலாம். அவ்வாறு அனுப்பும்போது கட்டணம் கன மீட்டர்க் கணக்கில் அமைகிறது. விமானத்தில் எடை மிகுந்தால் விலை மிகும். கப்பலிலோ, வீட்டுச் சாமான்களைப் பொறுத்தவரை, அடைக்கும் இடமே விலை. ஓர் இரும்பு பீரோ ஏறத்தாழ ஒரு கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பஞ்சு மெத்தையும் சோபாவும் எடையில் சிறியவை, செலவில் பெரியவை. புத்தகங்களோ கனமானவையாயினும் இடம் குறைவாகவே பிடிக்கும்.

இதை நான் கூறியபோது அந்த இளைஞரின் முகம் மலர்ந்தது. “அப்படியானால் அம்மியைக் கொண்டு போகலாமே! கனம் என்றுதானே விட்டேன்” என்றார். தாயாரின் கைபட்டுத் தேய்ந்த அம்மி அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தாயை நினைப்பேன் என்று அவர் எண்ணியதில் தவறில்லை. ஆனால், திண்ணையிலிருந்து குரல் வந்தது: “ஐயா, நான் கண்ணை மூடிய பிறகு எடுத்துக்கொண்டு போ. அதுவரையில் எனக்குத் துவையல் அரைக்க அதுதான் வேண்டும்.”

அன்பர்களே, மகனுக்கு நினைவுப் பொருளாக இருப்பது தாய்க்கு அன்றாடப் பயன்பொருளாக இருக்கலாம். நினைவு காத்திருக்கும், பயன் காத்திராது. அம்மி மூன்றாவது பட்டியலில் முதற்பொருளாக எழுதப்பட்டது.

மின்சாதனங்களைப் பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலியாவிலும் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஆகவே நம் கிரைண்டரும் மிக்ஸியும் அங்கு இயங்கும். பிளக்கை மட்டுமே மாற்ற வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே நம் கிரைண்டரை அப்படியே பயன்படுத்த இயலாது. வண்டிக்கூலி கொடுத்துக் காட்சிப்பொருளைக் கொண்டு செல்வானேன்?

வாசலில் நிறுத்தப்படுபவை

ஆஸ்திரேலியா தன் பயிர்களையும் விலங்குகளையும் பிற நாட்டு நோய்களிலிருந்து காத்துக்கொள்வதில் மிகவும் கண்டிப்பான நாடு. 2015-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே இயற்றப்பட்டது. தானியங்களைத் தாக்கும் கப்ரா வண்டு என்னும் சிறு பூச்சி நம் பகுதிக்கு உரியது. அதன் புழு உணவின்றியே ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருக்க வல்லது. அதற்கு அஞ்சி, அரிசி, பருப்பு வகைகள், சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் முதலியவற்றை வீட்டுச் சாமான்களோடு அனுப்புவதற்கு 2020-ஆம் ஆண்டு முதல் அந்நாடு தடை விதித்துள்ளது. பிள்ளை மீதுள்ள பாசத்தால் பெட்டிக்கு இடையில் மிளகாயும் பருப்பும் செருகி அனுப்பும் தாய்மாரே, அருள்கூர்ந்து இதைக் கவனியுங்கள். அந்த ஒரு பொட்டலம் சாமான்கள் அனைத்தையும் தாமதப்படுத்தக் கூடும்.

மண் ஒட்டிய செருப்பு, மிதிவண்டிச் சக்கரம், தோட்டக் கருவிகள் ஆகியவற்றைக் கழுவி உலர்த்தியே கட்ட வேண்டும். கிறிஸ்து பிறப்புக் குடிலின் வைக்கோல், வீட்டில் செருகி வைத்த குருத்தோலை, விதைகளால் கோத்த செபமாலை, தென்னந் துடைப்பம் ஆகிய யாவும் அங்குள்ள அதிகாரிகளின் கண்ணில் தாவரப் பொருள்களே. வைக்கோலையும் குருத்தோலையையும் இங்கேயே விட்டுச் செல்லுங்கள். மற்றவற்றை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். சாமான்களை மரச்சட்டங்களில் அடைப்பதாயின், அந்த மரம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடங்கள் பதப்படுத்தப்பட்டதற்கோ, பூச்சி போக்கும் புகையிடப்பட்டதற்கோ உரிய முத்திரை அதில் இருத்தல் வேண்டும்.

சுங்க வரியைப் பற்றியும் அறிக. குடியேறுபவர் புறப்படுவதற்கு முன் 12 மாதங்கள் தாமே வைத்திருந்து பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு ஆஸ்திரேலியாவில் வரி இல்லை. பயணத்திற்கென்று சென்ற வாரம் வாங்கிய புதுப் பாத்திரமும் புதுத் தொலைக்காட்சியும் இச்சலுகையில் அடங்கா.

நம் நாட்டுச் சட்டமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய சிற்பங்களையும் கைவினைப் பொருள்களையும் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லக் கூடாது. பரம்பரையாக வந்த மரச்சுரூபமோ பித்தளைக் குத்துவிளக்கோ இருப்பின், அது தொல்பொருள் அன்று என்று தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே சான்று பெறுதல் நலம்.

கடல் கேட்கும் பங்கு

தூத்துக்குடியிலிருந்து புறப்படும் பெட்டகங்களில் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. சாமான்கள் போய்ச் சேர ஒரு மாதமும் ஆகலாம். மூன்று மாதமும் ஆகலாம். ஆதலால் கடவுச்சீட்டு, கல்விச் சான்றுகள், ஞானஸ்நானம் மற்றும் திருமணச் சான்றிதழ்கள், நகை, மருந்து ஆகியவற்றை ஒருபோதும் பெட்டகத்தில் வைக்காதீர்கள். அவை உங்கள் கையோடு செல்லட்டும். வெப்பமான காற்றோடு மூடப்படும் பெட்டகம் குளிர்ந்த கடற்பகுதியை அடைந்ததும், உள்ளிருக்கும் ஈரம் கூரையில் துளித்து மழை போல் சொட்டும். துணிகளையும் புத்தகங்களையும் வெயிலில் நன்கு உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பைகளோடு கட்டுங்கள். பெட்டிகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் இருப்பதைத் தெளிவாக எழுதுங்கள். ‘இதர சாமான்கள்’ என்று எழுதுவது சோதனையை வலிய அழைப்பதாகும்.

நானறிந்த ஒரு குடும்பத்தார், இங்கே கொடுத்த தொகையோடு எல்லாம் முடிந்தது என்று நம்பியிருந்தனர். அத்தொகை துறைமுகம் வரைக்கும் மட்டுமே என்பது அங்கு சென்ற பிறகே தெரிந்தது. இறக்குகூலி, சோதனைக் கட்டணம், கிடங்கு வாடகை என்று மேலும் பெருந்தொகை கட்டினார்கள். வீட்டு வாசல் வரைக்குமா, துறைமுகம் வரைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காப்பீடு செய்யாமல் அனுப்பாதீர்கள். கடல் வாணிகத்தில் மிகப் பழமையான விதி ஒன்று உண்டு. ஆபத்தில் சிக்கிய கப்பலைக் காக்கச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த இழப்பையும் செலவையும் சரக்கு தப்பியவர்கள் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பண்டைய ரோட்ஸ் தீவினரின் வழக்கம் என்று இதைக் கூறுவர். இன்றும் இது நடைமுறையில் உள்ளது. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள்கள் குறுக்கே சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பலின் வகையில் இவ்விதி அறிவிக்கப்பட்டது. அதில் சரக்கு ஏற்றியிருந்தோர் தம் பங்குக்குப் பிணை கொடுக்க வேண்டியதாயிற்று. காப்பீடு உள்ளவர்க்காக நிறுவனம் பொறுப்பேற்கும். இல்லாதவர் தம் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். நீங்களே கட்டிய பெட்டியில் பொருள் உடைந்தால் பல காப்பீடுகள் ஈடு தருவதில்லை என்பதையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

புனித பவுல் ரோமைக்குச் சென்ற கப்பலும் இத்தகைய புயலில் சிக்கியது. முதலில் சரக்கை எறிந்தனர். பின்பு கப்பலின் தளவாடங்களை எறிந்தனர். இறுதியில் உணவுக்கான கோதுமையையும் கடலில் கொட்டினர். கப்பல் உடைந்தது. ஆனால், அதிலிருந்த 276 பேரும் கரை சேர்ந்தனர் என்று திருத்தூதர் பணி நூல் கூறுகிறது. எதை இழக்கலாம், எவரை இழக்கக் கூடாது என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்றுத் தருகிறது.

முதலில் எழுத வேண்டியது

பயணம் புறப்படும் குடும்பங்களுக்கு நான் கூற விரும்புவது ஒன்றே. மூன்றாவது பட்டியலை முதலில் எழுதுங்கள். அதைத் தனியே அமர்ந்து எழுதாதீர்கள். இங்கே இருக்கப் போகிறவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு, அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதுங்கள். கட்டில், நாற்காலி, மின்விசிறி, அடுப்பு, தண்ணீர்க் குடம், கடிகாரம், உங்கள் தந்தையாரின் படம் என்று அவர் கேட்பவை பெரும்பாலும் சிறியவையாகவே இருக்கும். அவற்றை எழுதி முடித்த பின், எஞ்சியவற்றைக் கொண்டு செல்வதா விற்பதா என்று தீர்மானியுங்கள். பெற்றோர் இல்லாதவர்களும், மறைந்தோர் பொருள்களில் உடன்பிறந்தார்க்கு உரியவை எவை என்று முதலில் கேட்டுக்கொள்வது நன்று. கேளாமல் கப்பலேறிய ஒரு வெண்கலப் பானையால் பேச்சற்றுப்போன அண்ணன் தங்கையரை நான் அறிவேன்.

அந்த இளைஞரின் மூன்றாவது பட்டியலில் இறுதியாக இருபத்தேழு பொருள்கள் இருந்தன. மெல்போர்னுக்குச் சென்ற சாமான்கள் முன்னர் எண்ணியதைவிட இரண்டு கன மீட்டர் குறைந்தன. செலவும் அதற்கேற்பக் குறைந்தது. பெட்டிகள் எல்லாம் ஏற்றப்பட்ட அன்று மாலை, செபம் சொல்ல மறுபடியும் அழைத்தார்கள். இம்முறை அவர்கள் என்னை மந்திரிக்கச் சொன்னது பெட்டிகளை அன்று; வீட்டை.

சில வாரங்களுக்கு முன் நோயுற்றோரைச் சந்திக்கச் சென்றபோது அவ்வழியே நடந்தேன். அந்த அம்மாள் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியில் பேரக் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “சாமி, கொஞ்சம் இருங்கள். துவையல் அரைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்” என்றார். இருந்து சாப்பிட்டுவிட்டே வந்தேன்.