வாசலில் நின்றே போட்ட பச்சை

சில மாதங்களுக்கு முன் ஒரு சின்ன ஓட்டலை வரைபடத்தில் பச்சையாகக் குறித்தேன். வாசலில் படி இல்லை, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். அதை நம்பிப் போன நண்பர் அன்றைக்கு ராத்திரியே போன் செய்தார். "வாசல் சரி. டேபிள் இருக்கிற ஹாலுக்குப் போக ரெண்டு படி இருக்கே, பார்க்கலையா?" பார்க்கவில்லை. நான் உள்ளேயே போகவில்லை.

நான் போட்டது வீல்மேப் வரைபடத்தின் பச்சை. பெர்லினின் சோசியல்ஹெல்டன் அமைப்பு 2010-இல் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ரவுல் க்ரவுட்ஹவுசன் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். 'எப்பவும் இதே கஃபேதானா?' என்று ஒரு நண்பர் அலுத்துக்கொண்டதில் பிறந்த யோசனையாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல் இயங்குவதால் யார் வேண்டுமானாலும் குறிக்கலாம். வாசலிலும் உள்ளே எல்லா அறைகளிலும் படி இல்லையென்றால் பச்சை. வாசலில் 7 செ.மீ.க்கு மிகாத ஒரே படி, முக்கியமான அறைகளுக்குப் படியில்லாமல் போகலாம் என்றால் மஞ்சள். மற்றது சிவப்பு. யாரும் பார்க்காத இடம் சாம்பல். கழிப்பறைக்குத் தனிக் குறி.

கவனிச்சீங்கன்னா, இதில் பாதிக்கு விடை தெருவில் கிடையாது. தன்னார்வலர்கள் தயங்குவதும் இங்கேதான். பஸ் நிறுத்தத்தைக் குறிக்க யாரிடமும் பேச வேண்டாம். கழிப்பறைக் கதவை அளக்கணும்னா முதலாளியிடம் கேட்கணும், அவர் 'இன்ஸ்பெக்‌ஷனா?' என்பது போல ஏற இறங்கப் பார்ப்பார். போதாததற்கு, கட்டிடத்துக்குள் ஜிபிஎஸ் தடுமாறும்.

புள்ளி, பதக்கம் கொடுத்து ஊக்குவிப்பது வழக்கம். எண்ணிக்கை கூடும், நிஜம்தான். ஆனா எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் என்னை மாதிரி வாசலில் நின்றே பச்சை போடுகிற ஆள்தான் ஜெயிப்பான். தப்பான பச்சைக்குச் சாம்பலே மேல். சாம்பல் என்றால் போன் போட்டுக் கேட்டுவிட்டாவது கிளம்புவார்கள்.

ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி மாதிரி ஒரு நேரத்தில் ஒரே ஒரு எளிய கேள்வி கேட்பது புதியவர்களின் பயத்தைப் போக்குகிறது. ஆனால் என்னை வாசலுக்குள் தள்ளியது அந்த போன்தான். இப்போது நண்பரோடு சேர்ந்தே போகிறேன். ஒரு மாலைக்கு நாலு இடம்தான் முடியுது. அவர் நாற்காலி திரும்பாத இடத்தில் நான் டேப்பை எடுக்கிறேன். அவர் கூட இருக்கும்போது 'இன்ஸ்பெக்‌ஷனா' என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஓட்டலைச் சிவப்பாக மாற்றிவிட்டேன். முதலாளிக்குக் கோபம். திட்டி முடித்துவிட்டு, ரெண்டு படிக்குச் சாய்தளம் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.