உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிக்குள் ஒரு திரை

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார், அதாவது பின்னால் உள்ள தடையை ஒலியெழுப்பி உணர்த்தும் கருவி, கட்டாயமாக்கப்பட்டது. ஒக்கூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் ஓடும் பழைய கார்களுக்கோ, பின்புறக் கேமராவின் படத்தைக் காட்டும் திரையுள்ள ரியர்வியூ கண்ணாடியைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். இதன் முகப்பு, ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி மறுபகுதியை ஊடுருவவிடும் அரைப்பூச்சுக் கண்ணாடி என்பதால், திரை அணைந்திருக்கையில் சாதாரணக் கண்ணாடியாகவே பயன்படும். ரிவர்ஸ் விளக்கின் மின்கம்பியிலிருந்து கேமராவுக்கு இணைப்பு எடுக்கப்படுவதால், ரிவர்ஸ் கியர் விழுந்ததும் திரை ஒளிர்கிறது. கேமரா படத்தை இடவலம் மாற்றி அனுப்புவது, கண்ணாடிக்குப் பழகிய கண் திசை தடுமாறாமலிருக்கவே ஆகும். எனினும் கேமராவின் பார்வைக்கோணத்துக்கு அப்பாலுள்ள பக்கங்கள் திரையில் தெரியாவாதலால், குழந்தைகள் விளையாடும் தெருவில் ஒருமுறை இறங்கிப் பார்த்தபின் வண்டியைப் பின்னெடுப்பதே தக்கது.