விளையாட்டும் வினைச்சொல்லும்

மொழியைக் கற்பதற்கு நூலறிவு மட்டும் போதாது. செயலும் துணைபுரிதல் வேண்டும். 1950-களில் அன்றைய சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றும் முறை மாறியபொழுது, ஆசிரியர்கள் இவ்வுண்மையைக் கைக்கொண்டனர். நடந்துகொண்டே, 'ஐ ஆம் வாக்கிங்' என்று கூறி, செயலையும் சொல்லையும் இணைத்துக் காட்டினர்.

இம்முறைக்கு விளையாட்டுத் திடலினும் ஏற்ற இடம் வேறில்லை. மாலையில் தாம்பரம், குரோம்பேட்டை முதலிய ஊர்களின் திடல்களை நோக்குங்கள். ஒரு சிறுவன் ஓடுகின்றான். அவன் ஓடும்வரை 'ஹீ இஸ் ரன்னிங்' என்பது மெய். நின்றுவிட்டால் அது பொய்.

'நான் பந்து விளையாடுகிறேன்' என்னும் தமிழ்த் தொடர் இப்பொழுது நிகழும் செயலையும் குறிக்கும். நாள்தோறும் உள்ள வழக்கத்தையும் குறிக்கும். ஆங்கிலமோ இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. இதனை மறந்தே நம்மவர் பலர், 'ஐ ஆம் ப்ளேயிங் எவ்ரி டே' என்று பிழைபடக் கூறுகின்றனர். வழக்கத்திற்கு 'ஐ ப்ளே எவ்ரி டே' என்பதே முறை.

பொழுதுபோக்கு இவ்வேற்றுமையை நன்கு விளக்கும். தபால்தலை சேர்க்கும் பழக்கமுடைய சிறுமி ஒருத்தி பந்தாடும்பொழுதும், 'ஐ கலெக்ட் ஸ்டாம்ப்ஸ்' என்று கூறலாம். அது அவளது வழக்கம். ஆயின், 'ஐ ஆம் கலெக்டிங்' என்று அப்பொழுது கூறுதல் பொருந்தாது. அவள் கையில் இருப்பது பந்தன்றோ!

'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று நாம் சொல்வதில்லை. அவ்வாறே ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் நோயிங்' என்பது வழக்கில்லை. தாய்மொழியின் இயல்பை ஊன்றி நோக்குவோர்க்குப் பிறமொழியும் எளிதில் வசப்படும்.