கழுத்து நோயும் கைகால் தளர்ச்சியும்

தறியில் அமர்ந்தவருக்குக் கழுத்து வலிப்பதும், கட்டுச் சுமந்தவருக்குப் பிடரி கடுப்பதும் நம் ஊர்களில் புதுமையன்று. இரவில் தைலம் தேய்த்து ஒற்றடம் கொடுத்தால் சில நாட்களில் தணிந்துவிடும் என்பது அனுபவம். பெரும்பாலும் அது மெய்யே. ஆயினும், கழுத்தில் உண்டாகிக் கையிலும் காலிலும் வெளிப்படுகின்ற வேறொரு நோயும் உண்டு. அதில் வலி சிறிதாக இருக்கலாம். அறவே இல்லாமலும் இருக்கலாம். அக்காரணத்தாலேயே பலர் அதனை அசட்டை செய்து பின்னர் வருந்துகின்றனர். உழைத்துண்ணும் நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

நோயின் தன்மை

கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் நடுவே குழாய் போன்றதொரு வழி உண்டு. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அதனுள்ளே செல்கிறது. கை நாடாவை எறிவதும் கால் மிதியை அழுத்துவதும் இத்தண்டுவடத்தின் வழியாகச் செல்லும் கட்டளையினால்தான்.

எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. வயது ஏற ஏற அவை உலர்ந்து பிதுங்குகின்றன. எலும்பின் ஓரங்களில் முளைகள் தோன்றுகின்றன. உள்ளிருக்கும் தசைநார்களும் தடிக்கின்றன. இவற்றால் வழி குறுகும்பொழுது, பக்கவாட்டில் வெளியேறும் நரம்பு மட்டும் நெருக்குண்டால் பெரும்பாலும் ஒரு கையில் வலியும் மதமதப்பும் காணும். அது பலருக்கு ஓய்விலும் மருந்திலும் தணிந்துவிடும். தண்டுவடமே நெருக்குண்டாலோ இரு கைகளும் கால்களும் கெடத் தொடங்கும். இத்தேய்வு நோயின் நரம்புக் கோளாறுகளை ரஸ்ஸல் பிரெயின் முதலிய ஆங்கில வைத்தியர்கள் 1952-ஆம் ஆண்டில் விரிவாக எழுதி விளக்கினர்.

அறிகுறிகள் யாவை?

நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அறுந்த இழையைக் கண் மூடி முடியக்கூடியவர், இப்பொழுது இரு முறை, மும்முறை முயல்கிறார். சட்டைப் பொத்தான் போடுவது சிரமமாகிறது. பாத்திரம் கையிலிருந்து நழுவுகிறது. கையெழுத்தும் மாறுகிறது. இனி, பயிரிடுவோர் ஒருவரைக் காண்போம். அவர் வரப்பில் நடக்கும்பொழுது கால் தடுமாறுகிறது. கால்கள் விறைத்துக் கனக்கின்றன. இருட்டில் தடுமாற்றம் மிகுகிறது. தலையைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி சிலருக்கு உண்டாகும். நோய் முற்றினால் சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமற் போகும்.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. விரல்களை முழுதும் விரித்து, முழுதும் மடக்கி, விரைவாகத் திரும்பத் திரும்பச் செய்க. நலமுள்ளவர் 10 விநாடியில் 20 முறையேனும் செய்வர். அவ்வளவு இயலாதவர் வைத்தியரைக் காணவேண்டும். சோதனையில் தேறியவரும், மேற்கூறிய குறிகள் இருப்பின், வாளாவிருத்தல் கூடாது.

தாமதத்தின் தீங்கு

இந்நோய் தொடங்கியதற்கும் இன்னதெனக் கண்டறியப்படுவதற்கும் இடையே சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் கழிவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. முதுமை என்றும், வாதம் என்றும், சர்க்கரை வியாதி என்றும் எண்ணி நாட்கள் கழிகின்றன. மணிக்கட்டு நரம்பு நோயென்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. நெடுநாள் நெருக்குண்ட தண்டுவடமோ முழுமையாகத் தேறுவது அரிது. விரலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இவ்விழப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

செய்யவேண்டுவன

வைத்தியரிடம் சென்று "கழுத்து வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த வேலை எப்பொழுது முதல் இயலவில்லை, நடை எவ்வாறு மாறியது, சிறுநீர் எவ்வாறு போகிறது என்பவற்றைச் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தண்டுவடத்தின் நெருக்கத்தைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படமே. பி-12 வைட்டமின் குறைவாலும் இத்தகைய குறிகள் தோன்றுமாதலின், இரத்தப் பரிசோதனையும் உதவும். அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நரம்பியல் நிபுணரைக் காணலாம். காப்பீட்டு அட்டை உடையோர் அதனையும் கொண்டு செல்க.

நோய் மிதமாகவோ கடுமையாகவோ இருப்பின் ரணசிகிச்சையே தக்கதென்று 2017-ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச மருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. இலேசானதாயின், நிபுணரின் கண்காணிப்பில் இருந்துவரலாம். ரணசிகிச்சையின் முதல் நோக்கம் நோய் மேலும் முற்றாமல் தடுப்பது. இழந்த வலிமை பலருக்கு ஓரளவு திரும்புவதும் உண்டு.

இக்குறிகள் உள்ளவர் கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுக்க எவரையும் அனுமதித்தல் ஆகாது. தலையில் சுமை ஏற்றுவதையும் தவிர்க்கவேண்டும். மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவருக்குக் கைகால் மரத்துப்போனால், கழுத்து அசையாமல் பார்த்துக்கொண்டு 108-க்குத் தகவல் கொடுங்கள். திடீரெனக் கைகால் சோர்ந்தாலும் சிறுநீர் நின்றாலும் அன்றே ஆஸ்பத்திரி சேரவேண்டும்.

கழுத்து வலிப்பவரெல்லாம் அஞ்சவேண்டுவதில்லை. இழை முடியத் தவறும் விரலையும் வரப்பில் தடுமாறும் காலையும் மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அத்தகைய அங்கத்தினர் ஒருவரைச் சங்கத்தில் காண்பீர்களாயின், "வயதாகிவிட்டது" என்று ஆறுதல் சொல்லி அனுப்பாமல், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூட்டுறவு என்பதற்கு அதுவும் ஒரு பொருளாகும்.