காய்ச்சிய பறையும் மின் கிதாரும்

கொட்டச்சேட்டில் பனி இறங்கும் மாலையில் பறையைச் சும்மா எடுத்து அடித்தால் சத்தம் எழும்பாது. ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். சருகைக் கொளுத்தி அனலில் காய்ச்ச வேண்டும். கிதாருக்குச் சுருதி முறுக்காணியில், பறைக்கோ நெருப்பில். இரண்டையும் சேர்த்து ஒலிப்பதிவு செய்வது அதனால்தான் கடினம். குளிரூட்டிய அறையில் பறையின் சுருதி இறங்கும். மறுபடி காய்ச்சித்தான் தொடர வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தியது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய குழு இது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 கலைஞர்கள் முதன்முதலாக மேடையேறினார்கள். கானா, பறை, ராப், ராக் எல்லாம் கலந்தன. இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாட்டாயின. குழுவில் பாடிய கானா பாடகி இசைவாணியை 2020இல் பிபிசி தனது 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

குழுவின் பெயருக்கு வேர், அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்.

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் ‘புரோகிரசிவ் ராக்’ பிறந்தபோது, ராக் இசைஞர்கள் மேற்கத்திய செவ்வியல் இசையைத் துணைக்கு அழைத்தார்கள். நம்மவர்கள் அழைத்தது சேரியின் இசையை.

நம் பாட்டன்மார் சாவு வீட்டில் கட்டாயத்தின் பேரில் பறையடித்தார்கள். கூலியும் சரியாகக் கிடைக்கவில்லை, மரியாதையும் கிடைக்கவில்லை. அதனால் பறையைத் தொடவே கூசிய தலைமுறையும் நம்மிடம் உண்டு. அந்தக் கூச்சத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இன்று அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் விரும்பி எடுக்கும் மாணவரை யாரும் ஏவவில்லை. எங்கே அடிப்பது, எதற்கு அடிப்பது என்பதை இனி நாமே முடிவு செய்வோம்.