நெஞ்சு நோ: டொக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது

சுன்னாகம் சந்தையடியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் சொல்வது 'வாய்வு' என்றுதான். சோடா குடி, இஞ்சி தட்டிப் போடு, ஓமம் அவித்துக் குடி என்று ஆளுக்கொரு கைமருந்து வரும். ஆசுப்பத்திரிக்குப் போகும்போதும் அதே சொல்லைத்தான் கொண்டு போகிறோம். "டொக்டர், ரெண்டு நாளா வாய்வுக்குத்து." ஓபிடியில் வரிசை வாசல்வரை நீண்டிருக்கும் காலையில், வாய்வு என்று சொன்னவருக்கு வாய்வுக் குளிசை எழுதப்பட்டால் அதில் ஆச்சரியமில்லை.

நோய்க்குப் பெயர் வைப்பது டொக்டரின் வேலை. உடம்பில் நடப்பதைச் சொல்வது எங்கள் வேலை. எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் நின்றது, என்ன செய்யும்போது வந்தது, ஆறியிருந்தால் போகிறதா, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா, வேர்த்துக் கொட்டியதா என்று சொல்ல வேண்டும். "முந்தி யாழ்ப்பாணம் மட்டும் நிக்காமல் சைக்கிள் உழக்குவன், இப்ப மருதனார்மடம் சந்தியிலேயே இறங்கி நிக்க வேண்டிக் கிடக்கு" என்று ஒருவர் சொன்னால், கேட்கும் டொக்டர் நிமிர்ந்து பார்ப்பார். "ஏலாமல் கிடக்கு" என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பலன் வராது.

பெண்களுக்கும் சலரோகக்காரருக்கும் இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வரலாம். இளைப்பு, காரணமில்லாத களைப்பு, ஓங்காளம், மேல்வயிற்றில் ஒரு பாரம், இவ்வளவுதான் இருக்கும். சமையலை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிடுகிற அம்மாமார் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் வாய் திறந்து, "எனக்குச் சலரோகம் இருக்கு, ஒரு ஈசிஜி எடுத்துப் பாப்பமா?" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. நெஞ்சு நோவோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகமெங்கும் ஒப்புக்கொண்ட முறை. முதல் ஈசிஜி நல்லதாக வந்தாலும் கதை முடியவில்லை. நோ தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும், இரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்க வேண்டும். "இன்னும் நோகுது" என்பதை மிஸியிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நோ விடாமல் இருந்தால் ஓட்டோ தேடி அலைய வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வீட்டுக்கு வரும், காசில்லை, தமிழில் பேசலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை சுன்னாகத்திலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். தூரம் குறைவுதான் என்று மகனின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிப் போவார்கள். வழியில் இதயத் துடிப்பு நின்றால் மோட்டார்சைக்கிளில் ஒன்றும் செய்ய முடியாது, அம்புலன்ஸில் செய்ய முடியும்.

இனிக் கடதாசிகள். அரச ஆசுப்பத்திரியில் உங்கள் இதயத்தின் முழுக்கதையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கிளினிக்கில் இந்த மாதம் பார்த்த டொக்டர் அடுத்த மாதம் இடமாற்றத்தில் போயிருப்பார். பின்னேரம் தனியாரில் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் எழுதியது காலைக் கிளினிக்கில் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே பாலம் நீங்கள் கொண்டுபோகும் பைதான். கிளினிக் கொப்பி, வாட்டிலிருந்து துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் காட், எக்கோ ரிப்போட், அஞ்சியோகிராம் ரிப்போட், கடைசி இரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஈசிஜி பல இடங்களில் வெப்பத்தில் எழுத்துப் பதியும் கடதாசியில்தான் வருகிறது. எங்கள் வெயிலில் அது சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். பாதுகாப்பு என்று நினைத்து லமினேற் பண்ணினால் அந்தச் சூட்டில் முழுவதும் கறுத்துவிடும். கிடைத்த அன்றே போட்டோக்கொப்பி எடுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பழைய ஈசிஜி பக்கத்தில் இருந்தால்தான் புதியதில் என்ன மாறியிருக்கிறது என்று டொக்டர் கண்டுபிடிக்கலாம்.

மாரடைப்பு நேரத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்களென்றால் அதன் பெயர் என்னவென்று கேட்டு எழுதி வையுங்கள். ஸ்ரெப்ரோகைனேஸ் போட்டவருக்கு உடம்பில் அதற்கு எதிர்ப்பு உண்டாகிவிடும். பிறகொரு நாள் மாரடைப்பு வந்தால் வேறு மருந்தைத்தான் தேட வேண்டும். மயங்கிக் கிடக்கும் ஆளிடம் இதை யாரும் கேட்க முடியாது.

குளிசைகளில் எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கிளினிக்கில் தந்தது ஒரு பையில், பாமசியில் வாங்கியது இன்னொரு பையில், கனடாவிலிருந்து மகள் அனுப்பியது மூன்றாவது பையில். பெட்டிகளில் வெவ்வேறு கம்பனிப் பெயர்கள் இருக்கும், உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டு, நாடித் துடிப்பு இறங்கித் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. கம்பனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரைப் பாருங்கள்: அற்றோவஸ்ரற்றின், பிசோப்ரோலோல், லொசார்ட்டன். அந்தப் பெயரால் மருந்தை எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் அவர் முயற்சியில்தான் உருவானது. 2022இல் ஆசுப்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, மருந்தின் சொந்தப் பெயர் தெரிந்தவர் எந்தப் பாமசியிலும் கேட்டு வாங்கக்கூடிய நிலையில் இருந்தார்.

ஸ்ரென்ட் வைத்தவர்கள் அஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தாமாக நிறுத்தக் கூடாது. மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக ஒரு வருடம்வரை இரண்டையும் போடச் சொல்வார்கள். பல்லுப் பிடுங்கப் போகும்போது "ரெண்டு நாளைக்கு நிப்பாட்டுங்கோ" என்று யாரும் சொன்னால், "இருதய டொக்டரைக் கேட்டுப்போட்டு வாறன்" என்று எழும்பி வாருங்கள். வாபரின் போடுபவர்கள் முருங்கையிலை, பொன்னாங்காணி எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. ஒரு கிழமை தினமும், அடுத்த கிழமை ஒன்றுமில்லாமல் என்று சாப்பிட்டால்தான் இரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு குழம்பும். சித்த மருந்தும் எடுப்பவர்கள் அதை மறைக்கவே வேண்டாம். ஏசுவார் என்ற பயத்தில் மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான்.

கேள்வி கேட்பது எங்களுக்குப் புதிதில்லை. சுன்னாகம் கிணறுகளில் மின்நிலையத்து எண்ணெய் கலந்தபோது ஊர் எழும்பி நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டுமென்று தீர்ப்பானது. கிணற்றுக்காகக் கேட்ட வாய், டொக்டரின் மேசைக்கு முன்னால் மூடிக்கொள்கிறது. டொக்டர் அப்பாவிடம் கேட்பார், மகன் பதில் சொல்வார், அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நோவு அப்பாவுடையது. கூட வருபவர் கொப்பியைப் பிடிக்கட்டும், டொக்டர் சொல்வதை எழுதட்டும், அப்பா பேசட்டும்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. எனக்கு என்ன வருத்தம், எத்தனை குழாயில் அடைப்பு? எக்கோவில் ஈஎஃப் எவ்வளவு? (அது 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. 40க்குக் கீழே என்றால் இதயத்தின் பலம் குறைந்துவிட்டது.) இந்தக் குளிசை எவ்வளவு காலத்துக்கு? என்ன நடந்தால் உடனே வர வேண்டும்? முதல் நாள் இரவே துண்டில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம்.

விளங்காவிட்டால் தமிழில் திரும்பச் சொல்லக் கேளுங்கள். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், இங்கிருந்து சைக்கிளில் போகும் தூரத்திலுள்ள மானிப்பாயில், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்காகப் பாடநூல்களைத் தமிழில் பெயர்த்தார். அன்றைக்கே தமிழில் சொல்ல முடிந்ததை இன்றைக்குச் சொல்ல முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். பைபாஸுக்கோ வால்வு மாற்றவோ கொழும்புக்கு அனுப்பப்படுபவர்கள் இதில் இன்னும் உறுதியாக நிற்க வேண்டும். சம்மதப் படிவத்தை விளங்காத மொழியில் நீட்டினால், விளங்கும்வரை பேனையைத் தொடாதீர்கள். வாட்டில் தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ இருந்தால் கூப்பிட்டு விளக்கச் சொல்லுங்கள். என்ன சத்திரசிகிச்சை, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்ற நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு கையெழுத்து வையுங்கள்.