நுரையீரலின் விறைப்பை அளப்பது எப்படி?

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே பாலாற்றை நோக்கிப் போகும் வழியில் செவிலிமேடு இருக்கிறது. அந்தப் பக்கத்து நெசவாளர் ஒருவரின் தறியருகே சற்று நின்று பாருங்கள். நெய்யத் தொடங்குமுன் அவர் பாவின்மேல் விரலை வைத்து இலேசாக அழுத்திப் பார்ப்பார். பாவு தளர்ந்திருந்தால் நெசவு சீராக விழாது. அளவுக்கு மீறி விறைத்திருந்தால் பட்டிழை அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தை அவருடைய விரல் கண்டுபிடித்துவிடும்.

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஏறத்தாழ இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் அங்கே அளக்க வேண்டியது மார்புக் கூட்டுக்குள் இருக்கும் நுரையீரலின் விறைப்பை. விரலால் தொட்டுப் பார்க்க வழியில்லை. கணக்குத் தவறினால் அறுவது இழையல்ல, உயிரே போகலாம். எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போமா?

நுரையீரலுக்கு என்ன நேர்கிறது?

நமது நுரையீரல்களில் சுமார் 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்தில் சேருகிறது, கரியமிலவாயு வெளியேறுகிறது. கடுமையான நோய்த்தொற்று ஏற்பட்டால் இச்சுவர்கள் கசியத் தொடங்கும். சில அறைகளில் நீர் நிறையும். சில சுருங்கி மூடிக்கொள்ளும். 1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் ஆஷ்பாக், பெட்டி முதலியோர் 12 நோயாளிகளிடம் இந்நிலையைக் கண்டு விவரித்தார்கள். இதுவே 'கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறி'. 2020-இல் பரவிய கோவிட் நோயில் பலரை இறுதிவரை வாட்டியதும் இதுதான்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். புதர்களில் வாழும் மிகச் சிறிய உண்ணிகளின் இளம்புழுக்கள் கடிப்பதால் இது வருகிறது. கடித்த இடத்தில் சில சமயம் தீச்சுட்டதுபோல் கறுத்த பொருக்கு தோன்றும். செவிலிமேட்டைத் தொட்டு ஓடும் அதே பாலாற்றின் கரையில், மேற்கே வேலூரில் இருக்கும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இந்நோயை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். கடுமையான நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று, அவர்கள் தலைமையில் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆராய்ச்சி 2023-இல் காட்டியது. ஆனால் மருந்து கிருமியை அழிக்கும் வரை நோயாளி மூச்சுவிட வேண்டுமே! அதற்குத்தான் செயற்கைச் சுவாசக் கருவியான வெண்டிலேட்டர்.

நீங்களே செய்து பாருங்கள்

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆங்கில எழுத்து 'யூ' வடிவில் வளைத்துப் பலகையில் கட்டுங்கள். பாதி உயரத்துக்கு நிறம் கலந்த நீரை ஊற்றுங்கள். ஒரு பலூனில் பம்பினால் ஐந்து முறை காற்றடித்து, கழுத்தை இறுகப் பிடித்தபடி குழாயின் ஒரு முனையில் மாட்டிவிட்டுப் பிடியைத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் நீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரு மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடே பலூனுக்குள் இருக்கும் அழுத்தம். மருத்துவர்களும் இப்படித்தான், 'இத்தனை சென்டிமீட்டர் நீர்' என்று அழுத்தத்தைக் குறிக்கிறார்கள்.

இனி அதே அளவுள்ள, ஆனால் தடித்த ரப்பராலான பலூனில் அதே ஐந்து முறை காற்றடித்துப் பாருங்கள். நீர் இன்னும் உயரமாக ஏறும். ஒரே அளவு காற்று. வேறு வேறு அழுத்தம். ஆகவே, செலுத்திய காற்றின் அளவை ஏறிய அழுத்தத்தால் வகுத்தால் பலூன் எவ்வளவு எளிதில் விரிகிறது என்பது தெரிந்துவிடும். இதற்கு 'விரிதிறன்' என்று பெயர்.

படுக்கையருகே ஒரு கணக்கு

உண்ணிக் காய்ச்சலால் மூச்சுத்திணறி, வெண்டிலேட்டரில் இருக்கும் ஓர் அம்மாவை எண்ணிக்கொள்வோம். கருவி ஒவ்வொரு மூச்சிலும் 288 மில்லிலிட்டர் காற்றைச் செலுத்துகிறது. அழுத்தம் 34 சென்டிமீட்டர் வரை ஏறுகிறது. ஆனால் இந்த 34 முழுவதும் நுரையீரலை விரிப்பதற்குச் செலவாகவில்லை. குழாயிலும் மூச்சுப் பாதையிலும் காற்றைத் தள்ளிச் செல்லவும் ஒரு பகுதி செலவாகிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

வழி மிக எளிது. காற்று உள்ளே போய் முடிந்ததும், வெளியேறும் வழியைத் திறக்காமல் அரை நொடி நிறுத்திவைக்க வேண்டும். ஓட்டம் நின்றால் ஓட்டத்துக்கான தடையும் இல்லை. அழுத்தம் 34-இலிருந்து இறங்கி 26-இல் நிற்கிறது. இந்த 'நிலை அழுத்தமே' நுண்ணறைகள் உணரும் அழுத்தம். இந்நேரத்தில் நோயாளி தானாக மூச்சிழுத்தால் அளவு பிழையாகும். ஆதலால் மயக்க மருந்தின் அமைதியில் இருக்கும்போது அளப்பார்கள்.

மூச்சு வெளியேறிய பின்பும் அறைகள் மூடிக்கொள்ளாதிருக்க, கருவி 10 சென்டிமீட்டர் அழுத்தத்தை எப்போதும் விட்டுவைக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் விரிப்பதற்குச் செலவானது 26 – 10 = 16. விரிதிறன் 288 ÷ 16 = 18 மில்லிலிட்டர். கருவியின் உதவியில் மூச்சுவிடும், நோயற்ற நுரையீரல் உள்ளவருக்கு இது 50 முதல் 100 வரை இருக்கும். எத்தனை விறைப்பு, பாருங்கள்!

இன்னொரு நன்மையும் உண்டு. திடீரென்று உச்ச அழுத்தம் மட்டும் ஏறி, நிலை அழுத்தம் அப்படியே இருந்தால், குழாயில் சளி அடைத்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் கோளாறு நுரையீரலிலோ மார்பிலோ இருக்கிறது. ஒரு கழித்தல் கணக்கு, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

எடையா, உயரமா?

288 என்ற எண் எங்கிருந்து வந்தது? அந்த அம்மாவின் உயரம் 155 செ.மீ. உடல் பருத்தால் நுரையீரல் பெரிதாகிவிடாது. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. ஆகவே தராசை விட்டுவிட்டு, அளவு நாடாவை எடுக்கிறார்கள். பெண்களுக்கு 45.5 + 0.91 × (உயரம் – 152.4) என்பது சூத்திரம். இவருக்கு விடை ஏறத்தாழ 48 கிலோ. கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் வீதம் 288.

ஏன் ஆறு? முன்பெல்லாம் இதைப்போல் இரு மடங்கு காற்றைச் செலுத்துவது வழக்கம். 1980களில் இத்தாலிய மருத்துவர் காட்டினோனி முதலியோர் சி.டி. ஸ்கேன் மூலம் பார்த்தபோது, இந்நோயாளிகளிடம் காற்றுப் புகும் பகுதி மிகச் சிறியது என்று தெரிந்தது. பெரியவரின் மார்புக்குள் ஒரு குழந்தையின் நுரையீரல்! அதற்குள் பெரியவருக்கான காற்றைத் திணித்தால் நல்ல அறைகளும் கிழியும். 2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் இறந்தனர், 6 மி.லி. பெற்று, நிலை அழுத்தம் 30-ஐத் தாண்டாமல் காக்கப்பட்டவர்களில் 31 விழுக்காட்டினர். புது மருந்து எதுவும் இல்லை. காற்றின் அளவைக் குறைத்ததே இத்தனை உயிர்களைக் காத்தது.

நம் கணக்கில் விரிப்பதற்கான அழுத்தம் 16 அல்லவா? இது 15-க்குள் இருப்பது நல்லது என்று 2015-இல் பிரேசில் மருத்துவர் அமாட்டோவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. இப்போது அந்த அம்மாவைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். முதுகுப் பக்கம் நசுங்கிக் கிடந்த அறைகள் திறக்கின்றன. அதே 288 மில்லிலிட்டருக்கு நிலை அழுத்தம் 22 ஆகிறது. 22 – 10 = 12; விரிதிறன் 24. விறைப்பு தளர்ந்திருக்கிறது!

மிகக் கடுமையான நிலையில் உள்ளவர்களை நாள்தோறும் நெடுநேரம் குப்புறப் படுக்க வைத்தால் இறப்பு பாதியாகக் குறைவதை 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது.

ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஓர் அளவு நாடா. மூன்றும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். மாட்டிய பலூனைக் கழற்றுமுன் நீர்மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். தறியில் விரல் கேட்கும் கேள்வியையே அங்கே நீர்மட்டமும் கேட்கிறது: இழை தாங்குமா?